தைமஸ் கட்டிக்கு மரபணுப் பரிசோதனை: நீலகிரியிலிருந்து அனுப்பிப் பெற்ற இரண்டு அறிக்கைகளின் மதிப்பீடு

புற்றுநோய்த் திசுவில் சில நூறு மரபணுக்களை ஒரே தடவையில் படித்து, எந்தெந்த மாற்றத்துக்கு எந்தெந்த மருந்து பொருந்தக்கூடும் என்று அறிக்கை தரும் சேவையைச் சமவெளியில் உள்ள தனியார் ஆய்வகம் ஒன்று நடத்தி வருகிறது. தைமஸ் சுரப்பியில் கட்டி வந்த இருவருக்காக அந்த ஆய்வகத்திடம் பெற்ற அறிக்கைகளை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஒருவர் என் அக்காவின் கணவர். குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்த அவருக்கு வந்திருப்பது தைமஸ் கார்சினோமா. மற்றவர் கோத்தகிரிப் பக்கத்தில் வசிக்கும் குடும்ப நண்பரின் மனைவி. அவருக்கு ஏபி வகைத் தைமோமாவும், அதனுடன் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயும் இருந்தன. இருவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். மருத்துவ ஆய்வகத்தில் டெக்னீஷியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், மாதிரியை அனுப்புவதிலிருந்து அறிக்கையை வாசித்துச் சொல்வது வரை இரண்டு குடும்பங்களும் பொறுப்பை என்னிடம் விட்டன. ஆய்வகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே சேவையை ஏறத்தாழ இதே வடிவில் வேறு ஆய்வகங்களும் விற்கின்றன. எவரிடம் சென்றாலும் கேட்டுத் தெளியவேண்டியவை பெரும்பாலும் ஒன்றே.

தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுரப்பி. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் முதிர்ந்து, சொந்தத் திசுவையும் அந்நியக் கிருமியையும் பிரித்தறியப் பழகுவது அங்கேதான். பருவ வயதுக்குப் பின் அது படிப்படியாகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடுகிறது. அதில் எழும் புற்றுநோய் மிக அரிது; அமெரிக்கப் பதிவேடுகளின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 0.13 என்ற அளவில்தான் தைமோமா காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் தைமோமாவை ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று வகுக்கிறது. இவற்றிலிருந்து தனித்து நிற்பது தைமஸ் கார்சினோமா. முன்னவை பெரும்பாலும் மெதுவாக வளர்பவை, அறுவைக்கு இசைபவை. கார்சினோமாவோ அண்டை உறுப்புகளுக்குள் ஊடுருவுவது, தொலைவுக்கும் பரவுவது. ஒரே சுரப்பியில் தோன்றினாலும் இவற்றை ஒரே நோயாகக் கருத முடியாது என்பது மரபணு அறிக்கையை வாசிக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நோய் இவ்வளவு அரிதாக இருப்பதால், நுரையீரல் புற்றுநோய்க்கு நடப்பதுபோல் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து மருந்தாய்வு நடத்த வழியில்லை. நாற்பது பேரைச் சேர்த்தாலே அது பெரிய ஆய்வு. அந்த வெற்றிடத்தில்தான் மரபணுப் பரிசோதனையின் விளம்பரம் நோயாளியின் குடும்பத்தை எட்டுகிறது. 'உங்கள் கட்டிக்கே உரிய மருந்தைக் கண்டுபிடியுங்கள்' என்ற பொருளில் அமைந்த அழைப்பு, முதல் கீமோதெரபி பலன் குறைந்து நிற்கும் ஒரு வீட்டில் எவ்வளவு வலுவாக ஒலிக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

முதலில் மாதிரி. அறுவையிலோ ஊசி பயாப்சியிலோ எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்த 'பிளாக்' என்னும் சிறு கட்டிதான் இந்தச் சோதனைக்கு மூலப்பொருள். மாமாவுக்குக் கோயம்புத்தூரில் சிடி ஸ்கேன் வழிகாட்டுதலில் ஊசி பயாப்சி நடந்தது. பிளாக் அந்த மருத்துவமனையிலேயே இருந்தது. எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்தால் பிளாக்கையும் சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளையும் நோயாளி வாங்கிக்கொள்ளலாம். ஆய்வகத்தின் முகவர் குன்னூருக்கே வந்து பெற்றுக்கொண்டார். மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்ப் பாதையில் மண் சரிந்து, வண்டிகள் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடப்படும் நாட்களில்கூட மெழுகு பிளாக்குக்கு ஒன்றும் ஆகாது. அறை வெப்பநிலையில் அது நெடுங்காலம் கெடாமல் இருக்கும். ஒரு நாள் தாமதத்தை எண்ணிக் கலங்கவேண்டியதில்லை. இரத்த மாதிரியில் செய்யும் 'லிக்விட் பயாப்சி' என்றால் நிலைமை வேறு. அதற்கான தனிக்குழாயில் எடுத்த இரத்தம் உறையும் குளிருக்கு ஆட்படக் கூடாது. மார்கழி, தை இரவுகளில் தலைகுந்தா, ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் காலத்தில் அந்தப் பார்சலை இரவு முழுதும் வண்டியிலோ திண்ணையிலோ வைத்துவிடுவது ஆபத்து. முகவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஐஸ் பொதியுடன் ஒரு பெட்டியையே நீட்டினார். இங்கே ஆய்வகத்துக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

இதைவிட முக்கியமானது, அந்த பிளாக்கில் கட்டியின் அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்பது. தைமஸ் கட்டிகளுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. பொதுவான அறிக்கை வடிவங்கள் இதைப் போதுமான அளவு எடுத்துச் சொல்வதில்லை. தைமோமாவில், குறிப்பாக ஏபி, பி1, பி2 வகைகளில், புற்றணுக்களைச் சூழ்ந்து முதிராத டி அணுக்கள் மொய்த்துக் கிடக்கும். அவை புற்றணுக்கள் அல்ல; சுரப்பி தன் பழைய வேலையைக் கட்டிக்குள்ளும் தொடர்வதன் விளைவு. அத்தகைய திசுவை அரைத்து டிஎன்ஏ எடுத்தால், அதில் பெரும்பகுதி இந்த அப்பாவி அணுக்களுடையதாக இருக்கும். மாமாவிடம் இதை விளக்கியபோது அவர் தன் தொழிற்சாலைக் கணக்கில் உடனே பிடித்துக்கொண்டார்: ஒரு சாக்குக் கொழுந்தில் கைப்பிடி முற்றிய இலை கலந்திருந்தால், சாக்கின் மேல்வாயில் ஒரு பிடி எடுத்துப் பார்த்து 'முற்றிய இலையே இல்லை' என்று எழுதிவிடுவதைப் போன்றதுதான் அது. ஆகவே 'மாற்றம் எதுவும் காணப்படவில்லை' என்ற வரியை வாசிக்குமுன், கட்டி அணுக்களின் விகிதம் எவ்வளவு என்ற வரியைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான ஆய்வகங்கள் ஐந்தில் ஒரு பங்காவது புற்றணு இருக்கவேண்டும் என்று கேட்கின்றன. இந்த ஆய்வகம் இரண்டு அறிக்கைகளிலும் அந்த விகிதத்தைத் தெளிவாக அச்சிட்டிருந்தது. கோத்தகிரி அம்மையாரின் பிளாக்கில் நோய்க்குறியியல் மருத்துவரே நுண்ணோக்கியில் பார்த்து, புற்றணு செறிந்த பகுதியைக் குறித்துச் சுரண்டி எடுத்ததாகவும் குறிப்பு இருந்தது. இதற்கு முழு மதிப்பெண்.

இனி அறிக்கையின் உள்ளடக்கம். மாமாவின் அறிக்கை கனமானது. அட்டையில் வண்ணப் படம், உள்ளே பக்கம் பக்கமாக மரபணுப் பெயர்கள். அவர் அதைப் புரட்டிவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "மாப்பிள்ளை, இதுல எந்த வரி எனக்கு மருந்தாகும்?" இந்தச் சேவையை எடைபோட இதைவிடச் சரியான கேள்வி இல்லை என்பதால், அவருடைய அறிக்கையை அந்தக் கேள்வியைக் கொண்டே பார்க்கிறேன்.

முதல் பக்கத்தில் இருந்தது கிட் என்னும் ஏற்பி, அதாவது அணுவின் மேற்பரப்பில் இருந்து வெளிச் சைகைகளை வாங்கும் புரதம். தைமஸ் கார்சினோமாவில் அதிகம் பேசப்படும் குறிப்பான் இதுவே. சிடி117 என்ற பெயரில் சாயமேற்றிப் பார்க்கும்போது, பத்தில் ஏறத்தாழ எட்டு கார்சினோமாக்களில் இந்தப் புரதம் பளிச்சென்று தெரியும். தைமோமாவில் அப்படித் தெரிவது அரிது. அதனால் நோயைப் பிரித்தறிய இந்தச் சாயம் மிகவும் பயன்படுகிறது. ஆனால் புரதம் மிகுந்திருப்பதும், அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு மாறியிருப்பதும் ஒன்றல்ல. கிட் மரபணுவில் உண்மையான மாற்றம் உள்ள தைமஸ் கார்சினோமாக்கள் நூற்றில் பத்து என்ற அளவிலேயே இருக்கின்றன. கிட்டைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரை வேலை செய்வதற்குப் பொதுவாக அந்த மாற்றம்தான் வேண்டும். 2004இல் ஜெர்மானிய மருத்துவர்கள், கிட் மரபணுவின் 11ஆவது எக்சானில் (எக்சான் என்பது மரபணுவின் ஒரு பகுதி) ஒரு சிறு துண்டு விடுபட்டிருந்த நோயாளி ஒருவருக்கு இமாட்டினிப் கொடுத்துக் கட்டி சுருங்கியதை வெளியிட்டார்கள். அந்தச் செய்தியைத் தொடர்ந்து, மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் கட்டி சுருங்கவில்லை. மாற்றம் இருந்தாலும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். 17ஆவது எக்சானில் வரும் சில மாற்றங்கள் இமாட்டினிப்புக்கு அசையாதவை.

மாமாவின் பயாப்சித் தகட்டில் சிடி117 சாயம் அடர்த்தியாகப் பிடித்திருந்தது. அந்த ஒரு வரியை வைத்தே, 'இமாட்டினிப் ஆரம்பித்துவிடலாமே' என்று பலர் யோசனை சொல்லியிருந்தார்கள். மரபணு அறிக்கையோ கிட் மாற்றம் இல்லை என்றது. கட்டி அணு விகிதம் போதுமானதாக இருந்ததால் அந்த 'இல்லை'யை நம்பலாம் என்று புற்றுநோய் மருத்துவரும் ஏற்றுக்கொண்டார். பலன் தராத ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டே மாதங்களைக் கடத்தாமல் தடுத்தது இந்தச் சேவையின் மெய்யான பயன். நேர்மாறாக, 11ஆவது எக்சானில் மாற்றம் தெரிந்திருந்தால் அதன் மதிப்பு இன்னும் பெரிது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இமாட்டினிப்பின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை மறுத்தது. உள்நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கும் மாத்திரை இங்கே தடையின்றிக் கிடைக்கிறது. தைமஸ் புற்றுநோய்க்குப் பேசப்படும் குறிவைத்த மருந்துகளில், தோட்டத் தொழிலாளி குடும்பத்துக்கும் கைக்கு எட்டக்கூடியவற்றில் இது ஒன்று என்று சொல்லலாம். ஆகவே கிட் சோதனைக்காக மட்டும் இந்தச் செலவைச் செய்தாலும் கார்சினோமா நோயாளிக்கு அது வீண் அல்ல. சில ஆய்வகங்கள் கிட் மரபணுவை மட்டும் தனியாகப் பார்த்துத் தருவதும் உண்டு. பணம் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைக் கேட்பது நல்லது.

அடுத்து வந்தது சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் இழப்பு. அணு தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் மரபணு இது. தைமஸ் கார்சினோமாவில் அடிக்கடி தொலைந்துபோவது. இதற்கு எதிரே அறிக்கை ஒரு மார்பகப் புற்றுநோய் மருந்தைக் குறிப்பிட்டு, 'வேறு புற்றுநோயில் அனுமதி பெற்றது' என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தது. கோட்பாட்டளவில் தொடர்பு சரியே. ஆனால் இந்த இழப்பு இருப்பவர்களுக்கு அந்த மருந்து பலிக்கும் என்று தைமஸ் நோயில் நிறுவப்படவில்லை. நட்சத்திரக் குறிக்கான விளக்கம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதுவரை போகாத குடும்பம் அந்த மருந்தைத் தேடி அலையும். டிபி53 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்துக்கு எதிரே மருந்து எதையும் போடாமல் விட்டிருந்தார்கள், அது நேர்மையானது. அமெரிக்க நோய்க்குறியியல், புற்றுநோயியல் அமைப்புகள் ஆதாரத்தின் வலுவை வைத்து 2017இல் வகுத்த நான்கு படிநிலை முறையைப் பின்பற்றியதாக அறிக்கை சொல்கிறது. அப்படியானால் முதல் படியில் உள்ளதையும் மூன்றாம் படியில் உள்ளதையும் ஒரே வண்ணப் பெட்டியில் அடுத்தடுத்துக் காட்டுவதற்கு நியாயம் இல்லை.

விற்பனைப் பேச்சில் வராத உண்மை ஒன்றும் உண்டு. தைமஸ் கார்சினோமாவில் கீமோதெரபிக்குப் பிறகு நல்ல பலன் காட்டிய மாத்திரைகள், மரபணு அறிக்கைக்காகக் காத்திருப்பவை அல்ல. சுனிட்டினிப் என்ற மருந்தை 2015இல் வெளியான ஆய்வில் கொடுத்தபோது, 23 கார்சினோமா நோயாளிகளில் 6 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. தைமோமாவில் 16 பேரில் ஒருவருக்கே அப்படி நடந்தது. ஜப்பானில் லென்வாட்டினிப்பைக் கார்சினோமா நோயாளிகள் 42 பேருக்குக் கொடுத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. அதில் 16 பேருக்குக் கட்டி சுருங்கியது. அதன் அடிப்படையில் மறு ஆண்டே அந்நாடு அறுவை செய்ய முடியாத தைமஸ் கார்சினோமாவுக்கு அந்த மருந்தை அனுமதித்தது. இவ்விரண்டும் கட்டிக்கு இரத்தக் குழாய் வளரத் தூண்டும் ஏற்பிகளையும், கிட் உட்பட வேறு சிலவற்றையும் ஒருசேரத் தடுப்பவை. ஆய்வில் சேர்ந்தவர்களைக் குறிப்பிட்ட ஒரு மாற்றத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கவில்லை. மாமாவுக்கு இப்போது நடப்பதும் லென்வாட்டினிப்தான். இரத்த அழுத்தம் ஏறியதால் அளவைக் குறைக்க நேர்ந்தது. வீட்டிலேயே தினமும் அழுத்தம் பார்த்துக் குறித்து வைக்கிறோம். மருத்துவர் இந்த மருந்தை அறிக்கை வருமுன்னரே மனத்தில் வைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

ஈஜிஎஃப்ஆர் என்ற மற்றோர் ஏற்பி பற்றி ஒரே வரி போதும். அந்த ஏற்பி தைமஸ் கட்டிகளில் மிகுந்து காணப்படும். நுரையீரல் புற்றுநோயில் மருந்துக்கு இடம்கொடுக்கும் அதன் மரபணு மாற்றமோ இங்கே மிக அரிது. கிட் பற்றிச் சொன்ன பாடமே இதற்கும் பொருந்தும்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை பிடி-எல்1 என்ற பகுதியில் இருக்கிறது. இதை விரித்தே எழுதவேண்டும். ஏனெனில் இங்கே பிழையான வாசிப்பு பணத்தோடு போகாமல் உயிரையும் தொடக்கூடும். பிடி-எல்1 என்பது நோயெதிர்ப்பு அணுக்களை அடங்கியிருக்கச் சொல்லும் ஒரு புரதம். புற்றணு அதைப் போர்த்திக்கொண்டு தப்பிக்கும்போது, பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்து அந்தத் தடையை நீக்கி, நோயெதிர்ப்பு அணுக்களை மீண்டும் கிளப்பிவிடுகிறது. பல புற்றுநோய்களில் பிடி-எல்1 மிகுந்திருந்தால் அந்த மருந்துக்கு இடம் உண்டு என்று கொள்கிறார்கள். தைமஸ் கட்டியில் இந்தக் கணக்கு இரண்டு காரணங்களால் பிசகுகிறது. ஒன்று, தைமஸின் இயல்பான எபிதீலிய (மேல்படல) அணுக்களிலேயே அந்தப் புரதம் காணப்படும். ஆகவே தைமோமாவில் அது மிகுந்திருப்பதில் வியப்பில்லை. மற்றொன்று, தைமோமா உடலின் டி அணுக்களைச் சரியாகப் பழக்காமல் வெளியே விடுவதால், சொந்த உடலையே தாக்கும் நோய்கள் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மயஸ்தீனியா இருக்கும். இரத்தச் சிவப்பணு உற்பத்தி நின்றுபோவதும், எதிர்ப்புப் புரதங்கள் குன்றிப்போவதும் உண்டு. அத்தகையவருக்கு நோயெதிர்ப்பின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டால், அது கட்டியை மட்டும் தாக்கிவிட்டு நிற்காது. இதயத் தசையையும் மூச்சுத் தசையையும் தாக்கலாம்.

இது வெறும் அச்சமல்ல. பெம்ப்ரோலிசுமாப்பை 40 தைமஸ் கார்சினோமா நோயாளிகளுக்குக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2018இல் வெளிவந்தது. 22.5 சதவீதத்தினருக்குப் பலன் இருந்தது, சிலருக்கு அந்தப் பலன் நெடுங்காலம் நீடித்தது. ஆனால் இருவருக்கு இதயத் தசை அழற்சி வந்தது. 2019இல் வெளியான கொரிய ஆய்வில் தைமோமா நோயாளிகள் 7 பேர்தான். அவர்களில் 5 பேருக்குக் கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவு ஏற்பட்டது. கார்சினோமாவில் கவனத்தோடு எண்ணிப் பார்க்கத் தக்க மருந்து, தைமோமாவில் வழக்கமான சிகிச்சையாகக் கையாளத் தகாதது என்பதே இன்றைய நிலை.

அப்படியிருக்க, மயஸ்தீனியா உள்ள கோத்தகிரி அம்மையாரின் அறிக்கையில் பிடி-எல்1 அதிகம் என்ற வரிக்கு நேரே, 'நோயெதிர்ப்புச் சிகிச்சை பரிசீலிக்கலாம்' என்ற பொருளில் ஒரு பச்சைக் குறி இருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. விண்ணப்பப் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வயது, புகைப்பழக்கம், குடும்பத்தில் புற்றுநோய் எல்லாம் கேட்டிருந்த அந்தப் படிவத்தில், தன்னுடல் தாக்கு நோய் உண்டா என்ற கேள்வியே இல்லை. நுரையீரல் கட்டிக்கென அமைத்த வார்ப்புருவில் தைமஸ் என்ற சொல்லை மட்டும் மாற்றி எழுதியதுபோல் இருந்தது. ஆய்வகத்தின் மரபணு ஆலோசகரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சார், அது சிஸ்டமே போடுற குறிப்பு; டாக்டர் பார்த்துக்குவாங்க" என்றார். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்பது உண்மையே, அந்த டாக்டர் தைமோமாவை முன்பே பார்த்தவராக இருந்தால். ஒரு மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே சந்திக்கும் நோய் இது. அதனாலேயே அறிக்கை தயாரிப்பவரின் பொறுப்பு கூடுகிறது. பேச்சின் முடிவில் அந்த ஆலோசகர் திருத்திய குறிப்பொன்றை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார், அனுப்பியும் வைத்தார். பச்சைக் குறி நீங்கி, மயஸ்தீனியா உள்ளவர்களுக்கு ஆபத்து உண்டு என்ற வரி சேர்ந்தது. குறையைச் சொன்னதும் திருத்தியதற்காக ஆய்வகத்தைப் பாராட்டுகிறேன். சொல்லத் தெரியாத குடும்பத்துக்கு அந்த வரி போய்ச் சேர்ந்திருக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அதே அறிக்கையில் முதலிடத்தில் பெரிய எழுத்தில் இருந்தது ஜிடிஎஃப்2ஐ என்ற மரபணுவின் மாற்றம். 2014இல் கண்டறியப்பட்ட இது, தைமஸ் கட்டிகளுக்கே உரியது என்று சொல்லும் அளவுக்கு விசேஷமானது: ஏ வகையில் 82 சதவீதம், ஏபி வகையில் 74 சதவீதம் கட்டிகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருப்பதை அந்த ஆய்வு காட்டியது. வேறு புற்றுநோய்களில் இதைக் காண்பது மிக அரிது. இது உள்ளவர்களுக்கு நோயின் போக்கு பொதுவாக மென்மையாக இருக்கிறது. நோயைப் புரிந்துகொள்ள இவ்வளவு உதவும் இந்த மாற்றத்தைக் குறிவைத்து இன்று கொடுக்கத்தக்க மருந்து எதுவும் இல்லை. கட்டியை முழுமையாக வெட்டி எடுத்துவிட்ட ஒருவருக்கு இப்போதே அப்படியொரு மருந்து தேவையும் இல்லை. அந்தக் குடும்பம் இந்தச் சோதனையைத் தவிர்த்திருந்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் வந்திருக்காது. தொடர்ந்து சிடி ஸ்கேன் எடுப்பதும், மயஸ்தீனியாவுக்கு நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதும்தான் அவர்களுக்கு வேண்டியவை. மனநிறைவு கிடைத்தது என்று நண்பர் சொன்னார். அதற்குக் கொடுத்த விலை அதிகம் என்பது என் கருத்து.

மரபணு மாற்றங்களின் மொத்த அளவு என்ற பகுதியையும் குடும்பங்கள் தவறாக வாசிக்க இடம் உண்டு. இரண்டு அறிக்கைகளிலுமே அது மிகக் குறைவு என்று இருந்தது. கோத்தகிரியில் அதைக் கண்டு, சோதனையே சரியாக நடக்கவில்லையோ என்று ஐயுற்றார்கள். நடந்ததில் குறையில்லை. டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தில் 117 தைமஸ் கட்டிகளின் மரபணுத் தொகுப்பைப் படித்து 2018இல் வெளியான பெரிய ஆய்வு, அந்தத் திட்டத்தில் ஆராய்ந்த பெரியவர்களின் புற்றுநோய்களிலேயே மிகக் குறைந்த மாற்றங்கள் கொண்டவை இவைதான் என்று காட்டியது. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் துழாவியும் கைக்கு ஒன்றிரண்டே கிடைப்பதற்குக் காரணம் நோயின் இயல்பு. இந்த ஒரு வாக்கியத்தை அறிக்கையின் முகப்பில் அச்சிட்டிருந்தால், வாங்குவோர் எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொண்டிருப்பார்கள். விற்பனைதான் சற்றுக் குறைந்திருக்கும்.

மொழி பற்றியும் ஒரு சொல். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில். கேட்ட பிறகே தமிழ் பேசும் ஆலோசகர் அழைத்தார். அழைத்தவர் பொறுமையாக, மாமாவின் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். இந்த அழைப்பு கட்டணத்துக்குள் அடங்கியது, ஆனால் கேட்காதவருக்கு வருவதில்லை. தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் தருவது பெரிய காரியம் அல்ல. சொன்ன கெடுவுக்குள் அறிக்கை வந்தது; அதில் குறை இல்லை.

கட்டணம் ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாத ஊதியம். காப்பீடு இருந்தால், இந்தச் சோதனை அதில் அடங்குமா என்பதை மாதிரி கொடுக்குமுன்பே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். தைமஸ் கார்சினோமா பரவியிருந்து, முதல் கீமோதெரபியைத் தாண்டிவிட்ட நிலையில், மருத்துவரே பரிந்துரைத்தால் இந்தச் சேவைக்கு ஐந்தில் நான்கு தருவேன். முழுமையாக அறுவை செய்த தைமோமாவுக்கு ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றும் மாதிரியைக் கையாண்ட நேர்த்திக்காக. மீண்டும் தலைகாட்டிய தைமோமாவுக்கு என்ன தருவது என்பதை நான் சொல்வதற்கில்லை. எவரோலிமஸ், ஆக்ட்ரியோடைட் போன்ற மருந்துகள் அங்கே மருத்துவரின் கையில் இருக்கின்றன, அவையும் பெரும்பாலும் மரபணு மாற்றத்தைப் பார்த்து முடிவாவதில்லை. ஆக்ட்ரியோடைடுக்கு வேண்டியது, சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி கட்டியில் இருக்கிறதா என்று காட்டும் ஒரு ஸ்கேன்.

பணம் கட்டுமுன் செய்யவேண்டியது இன்னொன்று: இந்நோயை அடிக்கடி பார்க்கும் ஒரு குழுவின் கருத்தைக் கேட்பது. பிரான்சில் 2012 முதல் தைமஸ் கட்டி நோயாளிகளின் விவரங்களை நாடு தழுவிய ஒரே மருத்துவக் குழு கூடிப் பேசுகிறது. இங்கே நோயாளியே முயன்று அந்தக் கருத்தைத் தேடிப் பெறவேண்டியிருக்கிறது. சிடி ஸ்கேன் குறுந்தகடு, பயாப்சி அறிக்கை, தகடுகள் ஆகியவற்றோடு பெரிய புற்றுநோய் மையம் ஒன்றின் மார்புப் பிரிவில் இரண்டாம் கருத்துக் கேட்பதற்கு ஆகும் செலவு, இந்தச் சோதனைக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கே. நோய்க்குறியியல் மருத்துவர் மறுபடி பார்த்து வகையை மாற்றிச் சொன்னால், மரபணு அறிக்கை எதுவும் தராத அளவுக்குச் சிகிச்சையே மாறிவிடக்கூடும்.

பிளாக்கைத் திரும்பப் பெறுவதை மறக்கவேண்டாம். ஆய்வகம் அதிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அப்புறப்படுத்தும் உரிமை ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது. ஊசி பயாப்சியில் கிடைப்பது நூலளவு திசு. புதிதாக ஒரு மருந்தாய்வில் சேர வாய்ப்பு வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்த பிளாக்தான். அது இல்லையென்றால் மறுபடியும் மார்பில் ஊசி போடவேண்டும். கொடுக்கும்போதே பிளாக்கின் எண்ணைக் குறித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். திரும்பி வந்ததும் எண்ணை ஒத்துப் பார்த்து, முதலில் கொடுத்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையிலேயே ஒப்படைத்துவிடுவது, குன்னூர் வீட்டு அலமாரியின் ஈரத்தில் வைத்திருப்பதைக் காட்டிலும் பாதுகாப்பானது.